பயணம், புத்தகம், சினிமா: கோட்டையூர்க்காரர் ஒருவரின் கதை

கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் விளம்பரமாக இருந்தாலும் சரி, வேலைக்கு அனுப்பும் சுயவிவரமாக இருந்தாலும் சரி, 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் வந்துவிட்டால் நம்மவர்கள் நிரப்புவது பெரும்பாலும் மூன்றே சமாச்சாரங்கள்தான். ஊர் சுற்றுவது, புத்தகம் படிப்பது, சினிமா பார்ப்பது. எழுதுகிறவரும் அதைப் பெரிதாக நினைத்து எழுதுவதில்லை, படிக்கிறவரும் நம்புவதில்லை. :-)

இந்த மூன்றையும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளாமல் முழுநேர வாழ்க்கையாகவே வாழ்ந்துவிட்டுப் போன ஒரு தமிழர் உண்டு. அவர் ஏ.கே. செட்டியார். பெயர் கேள்விப்பட்டவர்கள் பலர் இருப்பீர்கள். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவருடைய புத்தகத்தின் பெயர், பிறகு அவருக்கே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். 1973ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' எடுப்பதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் முந்தைய கதை இது.

செட்டியார் 1911ல் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பிறந்தார். முழுப்பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். நகரத்தார் வீடுகளில் கடல் தாண்டுவது அந்தக் காலத்தில் புதிய விஷயமே இல்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போவது அவர்களுக்கு மதுரை போய் வருவது மாதிரி. வட்டிக்கடையில் உட்கார்ந்து பேரேடு எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இவரும் ரங்கூன் போனார். ஆனால் அங்கே பார்த்தது பத்திரிகை வேலை. 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அப்போது வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும்.

செட்டியார் செய்தது ஏன் புதியது என்பது புரிய, அவருக்கு முன்னால் நம் பக்கத்தில் பயணம் பற்றி எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830ல் கிளம்பி, 1831ல் திரும்பி, தன் காசி யாத்திரையைத் தெலுங்கில் எழுதி வைத்தார். ரயில் வராத காலம். பல்லக்கும் கூடாரமும் பரிவாரமுமாகப் போன பயணம். ரயில் வந்த பிறகு, கோயம்புத்தூர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு 1889ல் 'ஆரிய திவ்விய தேச யாத்திரை'யைத் தமிழில் எழுதினார். இருவருமே கோயிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை, ஊர், விலைவாசி, சாலை, ஜனங்கள் என்று நிறையவே கவனித்தார்கள். ஆனாலும் கிளம்பிய காரணம் யாத்திரைதான். புண்ணியம் ஒரு கணக்கு, பார்த்தது இன்னொரு கணக்கு.

செட்டியார் புண்ணியக் கணக்கை விட்டுவிட்டார். பார்ப்பதற்காகவே போனார். 1930களின் நடுவில் ஜப்பான் போய், டோக்கியோவில் புகைப்படக்கலை படித்தார். 'ஜப்பான்' என்ற புத்தகமும் வந்தது. அங்கிருந்து அமெரிக்கா, நியூயார்க்கில் மேற்கொண்டு படிப்பு. கேமரா என்றால் ஸ்டூடியோவில் முக்காலி போட்டு, திரை கட்டி, குடும்பத்தோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற காலம் அது. பத்திரிகைக்காரர் ஒருவர் கடல் தாண்டிப் போய் அதை முறையாகக் கற்றுக்கொண்டு வருவது அபூர்வம்.

அவருடைய பயண எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன வாக்கியம். முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்லும் கிண்டல். முக்கியமாக, எழுதியவர் நடுவில் வந்து நிற்கவே மாட்டார். ஊர் தெரியும், ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்தவர் தெரிவார், சாப்பாடு தெரியும். செட்டியார் மட்டும் தெரியமாட்டார். எல்லாப் படத்திலும் தன் முகத்தை முன்னால் வைத்து, பின்னால் தாஜ்மகாலைக் கொஞ்சூண்டு காட்டும் நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம்!

*

சரி, சினிமாவுக்கு வருவோம்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகிற 'சமாரியா' என்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருக்கிறார். அன்று காந்தி ஜெயந்தி. காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் ஒன்று எடுத்தால் என்ன என்ற யோசனை அந்தக் கப்பலில்தான் அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. பெரிய ஸ்டூடியோ பின்னால் இல்லை. அரசாங்கமோ வெள்ளைக்காரன் கையில்.

காந்தி உயிரோடு இருக்கிறார், நேரே சேவாகிராமம் போய்ப் படம் எடுத்தால் முடிந்தது என்று தோன்றலாம். அப்படி எடுத்தால் 1937க்குப் பிறகான காந்தி கிடைப்பார். தென்னாப்பிரிக்கக் காந்திக்கு எங்கே போவது? 1930 தண்டி யாத்திரைக்கு? 1931ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போன காந்திக்கு? அவையெல்லாம் நடந்து முடிந்துவிட்டன. அந்தந்த நேரத்தில் யாராவது கேமராவோடு நின்றிருந்தால் மட்டுமே உண்டு. காந்தி கேமராவுக்கு நின்று 'போஸ்' கொடுக்கிற ஆளும் இல்லை.

அந்தக் காலத்தில் சினிமா கொட்டகைகளில் படத்துக்கு முன்னால் செய்திப்படம் போடுவார்கள். பாத்தே, பாக்ஸ் மூவிடோன், பாரமவுண்ட் போன்ற கம்பெனிகளின் கேமராக்காரர்கள் உலகம் முழுக்கச் சுற்றி எடுத்தவை. இரண்டு வாரம் ஓடும், பிறகு டப்பாவில் போய்விடும். பழைய செய்தித்தாளுக்கு உள்ள மரியாதைதான் அதற்கும். அந்தச் சுருள்களில்தான் காந்தி இருந்தார். லண்டனில் கொஞ்சம், நியூயார்க்கில் கொஞ்சம், தென்னாப்பிரிக்காவில் கொஞ்சம், இந்தியாவிலேயே தனி ஆட்களின் பீரோக்களில் கொஞ்சம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சினிமாவைச் சேர்த்து வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே உலகத்தில் அப்போதுதான் பிறந்திருந்தது. லண்டனில் தேசியத் திரைப்பட நூலகம் 1935ல் வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகமும் 1935தான். பாரிஸில் சினிமாத்தெக் 1936ல். நம் நாட்டில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதோ 1964ல். அதற்கு 27 வருடங்கள் முன்பே, தனி ஆள் ஒருவர், இந்தியச் சரித்திரத்தின் ஒரு பெரிய பகுதியைச் சுருள் சுருளாகத் தேடிக் கிளம்பிவிட்டார்.

'டாக்குமெண்டரி பிலிம்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். நான்கு கண்டங்கள், ஏறக்குறைய 1,00,000 மைல் பயணம். முப்பது வருட காலத்தில் சுமார் 100 கேமராக்காரர்கள் எடுத்த படச்சுருள்களிலிருந்து 50,000 அடி சேர்ந்தது. கோகலே தென்னாப்பிரிக்கா போன 1912ம் வருடக் காட்சிகள்கூட அதில் இருந்தன. பாரிஸில் படித்துவிட்டு வந்து, பம்பாயில் செய்திப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த டாக்டர் பி.வி. பதி ஒளிப்பதிவில் உதவினார். இந்திய ஆவணப்பட முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அடிக்கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது, அதனால் ஒரு சின்னக் கணக்கு. 35 மில்லிமீட்டர் பேசும் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்றால் ஒன்பதேகால் மணி நேரத்துக்கு வரும். இதைப் போட்டுப் போட்டுப் பார்த்து, வெட்டி, ஒட்டி, 12,000 அடிக்குக் கொண்டுவந்தார். அதாவது இரண்டேகால் மணி நேரம். கம்ப்யூட்டர் இல்லை. கத்தரியும் பசையும்தான்.

1940 ஆகஸ்டில் 'மகாத்மா காந்தி' தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் வெளியானது. தெலுங்குப் பதிப்பும் வந்தது. தேசத்தலைவர் ஒருவரைப் பற்றி இந்தியாவில் இப்படி ஒரு முழுநீள ஆவணப்படம் அதற்கு முன் வந்ததில்லை. அந்தப் படம் முதலில் பேசிய மொழி தமிழ். குஜராத்தியோ, இந்தியோ, ஆங்கிலமோ இல்லை. இதைப் புனேயிலோ டெல்லியிலோ ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

வெளியான நேரம் சரியில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. காங்கிரஸ் மந்திரிசபைகள் 1939லேயே ராஜினாமா செய்திருந்தன. 1942ல் 'வெள்ளையனே வெளியேறு' வந்தபோது காந்தியே சிறைக்குள். அவர் முகத்தை இரண்டேகால் மணி நேரம் காட்டும் படத்தை நிம்மதியாக ஓட்டுகிற சூழ்நிலை இல்லை. விடுதலையை ஒட்டி இந்திப் பதிப்பு வந்தது. பிறகு செட்டியார் அமெரிக்கா போய், 1953ல் ஆங்கிலப் பதிப்பு ஒன்றையும் கொண்டுவந்தார்.

*

இப்போது அந்தத் தமிழ்ப் படம் எங்கே?

இல்லை. தமிழ்ப் பதிப்பும் கிடைக்கவில்லை, தெலுங்குப் பதிப்பும் கிடைக்கவில்லை. எங்கேயாவது யார் வீட்டுப் பரணிலாவது தகர டப்பா ஒன்று கிடந்து வெளியே வந்தால்தான் உண்டு.

இது செட்டியார் படத்துக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 1931ல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. அதே வருடம் பம்பாயில் வந்த 'ஆலம் ஆரா'வும் இல்லை. 1950களின் தொடக்கம் வரை சினிமாச் சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. சீக்கிரம் தீப்பிடிக்கும். சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். நம்ம ஊர் வெயிலையும் கடற்காற்றையும் கேட்கவா வேண்டும்! போதாததற்கு, சுருளில் கொஞ்சம் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக் கழுவி வெள்ளி எடுப்பவர்கள் இருந்தார்கள். தயாரிப்பாளர்களுக்கு அதில் நாலு காசு. நம் சினிமாச் சரித்திரத்தில் பாதி இப்படித்தான் உருகிப் போனது.

புனே காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் வாழ்நாள் முழுக்க இதோடுதான் போராடினார். அவரைப் பற்றி 2012ல் 'செல்லுலாய்டு மேன்' என்று ஓர் ஆவணப்படமே வந்திருக்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். நாயர் 2016ல் காலமானார். காப்பகம் 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

செட்டியார் படத்துக்குத் திரும்புவோம். காந்தியைத் தேடி இவர் சுற்றிய மாதிரி, இவர் படத்தைத் தேடி இன்னொருவர் சுற்ற வேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி விடாமல் தேடினார். கடைசியில் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், 1953ல் செய்த ஆங்கிலப் பதிப்பின் சுருக்கமான வடிவம் கிடைத்தது. தமிழில் பிறந்த படம் தமிழ்க் குரலை இழந்து, உடம்பில் பாதியை இழந்து, கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்திருக்கிறது.

படம் போயிற்று. ஆனால் படம் எடுத்த கதை போகவில்லை. ஏனென்றால் செட்டியார் அதை எழுதி வைத்தார். தான் நடத்திய பத்திரிகையில் தொடராக எழுதினார். அதை வேங்கடாசலபதி பதிப்பித்து 2003ல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று காலச்சுவடு வெளியிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு, தமிழ் படிக்காத பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். 1,00,000 மைல் சுற்றிச் சேர்த்த 12,000 அடி காணாமல் போக, மலிவுக் காகிதத்தில் அச்சடித்த சில பக்கங்கள் தப்பித்திருக்கின்றன.

*

அந்தப் பத்திரிகையின் பெயர் 'குமரி மலர்'. 1943ல் தொடங்கி, 1983ல் தான் இறக்கும்வரை அவரே நடத்தினார். இன்று பழைய புத்தகக் கடையில் ஓர் இதழ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பளபளப்பு எதுவும் இருக்காது. பழைய பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தோண்டி எடுத்து மறுபடி அச்சில் ஏற்றுவது அதன் முக்கிய வேலை. சினிமாவில் செய்ததையே இங்கேயும் செய்தார். யாரோ எடுத்த சுருளைத் தேடித் தொகுத்தவர், யாரோ எழுதிய பக்கத்தையும் தேடித் தொகுத்தார்.

இதன் உச்சம் 1968ல் வந்த 'தமிழ்நாடு' என்ற தொகுப்பு. பழைய காலத்தில் தமிழ்நாட்டுக்குள் ஊர் ஊராகப் போனவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டிய புத்தகம். உலகமெல்லாம் சுற்றியவர், சொந்த நாட்டைப் பற்றிப் புத்தகம் போடும்போது தன் எழுத்தை வைக்கவில்லை, அடுத்தவர்கள் எழுத்தை வைத்தார்.

வெப்பமண்டல ஊர்களுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கடற்கரை, இளநீர், படகு, இரண்டு நாளில் திரும்பிவிடுவோம். செட்டியாரும் அந்த ஊர்களுக்குப் போனார். பக்கத்தில் இருக்கும் குடகைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதினார். தூரத்தில் இருக்கும் கரிபியன் கடலையும் கயானாவையும் பற்றி இன்னொன்று எழுதினார். கயானாவை யோசித்துப் பாருங்கள். 1838லிருந்து 1917வரை சுமார் 2,40,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நாடு. பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள், ஒரு சிறு பகுதியினர் சென்னையில். 'மதராசி' என்ற பெயர் அங்கேயும் ஒட்டிக்கொண்டது (வட இந்தியாவில் வேலை பார்க்கும் நமக்கு இது பழகிய பெயர்தான்!). மொழி பேரப்பிள்ளைகள் நாக்கிலிருந்து போய்விட்டது. மாரியம்மன் வழிபாடு இன்றும் இருக்கிறது. அந்த மக்களில் எழுதத் தெரிந்து தன் பயணத்தைத் தானே எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. கப்பல் பதிவேட்டில் பெயர், வயது, ஜில்லா, அங்க அடையாளம், அவ்வளவுதான். போன பயணம் எவ்வளவு பெரியது, மிஞ்சிய எழுத்து எவ்வளவு சின்னது! ஒரு தமிழர் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து தமிழில் எழுதி வைத்ததன் அருமை அங்கேதான் தெரிகிறது.

கோட்டையூர் மண்ணுக்கே இந்தச் சேர்க்கும் குணம் உண்டோ என்னவோ. அதே ஊரில் ரோஜா முத்தையா என்று இன்னொருவர் இருந்தார். தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் வீடு நிறையச் சேர்த்தார். அவர் 1992ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழ்நாட்டின் பழைய சினிமா, நாடகம் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் அந்த வாசலை மிதிக்காமல் முடியாது. ஒருவர் ஊரை விட்டே நகராமல் சேர்த்தார், இன்னொருவர் உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்தார்.

*

இதையெல்லாம் ஊரை விட்டு வந்த நமக்கு ஏன் சொல்கிறேன்?

நம் வீடுகளில் பயணத்துக்குக் குறைச்சல் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிற ரயில் பயணமே முப்பது மணி நேரம் ஆகிறது. லீவு விட்டால் கோவா, கேரளா, அந்தமான். செட்டியார் மூன்று வருடம் சுற்றிச் சேர்த்த 50,000 அடிக்குச் சமமான படத்தை நம் வீட்டுப் பையன் இரண்டு சுற்றுலாவில் போனிலேயே எடுத்துவிடுவான். எடுப்பது சுலபமாகிவிட்டது. போன் மாறும்போது எத்தனை மிஞ்சுகிறது? நைட்ரேட் பொடியாவதற்கு முப்பது நாற்பது வருடம் பிடித்தது. நம் படங்களுக்கு ஒரு கடவுச்சொல் மறந்தால் போதும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. 1950களிலும் 60களிலும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கிளம்பி மாதுங்காவுக்கும் கரோல்பாக்குக்கும் வந்து இறங்கியவர்கள் இருக்கிறார்களே, அந்தத் தலைமுறை. டிரங்குப் பெட்டி, ஹோல்டால், டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு வந்தவர்கள். எந்த ரயிலில் வந்தார்கள், முதல் நாள் யார் வீட்டில் தங்கினார்கள், முதல் சம்பளம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்த முதல் தமிழ்ப் படம் எது, ஊரிலிருந்து பத்திரிகை எத்தனை நாள் கழித்து வந்தது, பக்கத்து வீட்டோடு எந்த மொழியில் சண்டை போட்டார்கள்... இதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய சில தலைகளுக்குள் மட்டும் இருக்கிறது. பேரன் பேத்திகளில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கவும் தோன்றுவதில்லை.

செட்டியாரிடம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. போன இடத்தில் கவனித்துப் பார்த்தார், கேட்டார், தேதி போட்டுக் குறித்து வைத்தார், மற்றவர்கள் குறித்து வைத்ததையும் தூக்கிப் போடாமல் சேர்த்தார். தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் படம் தொலைந்த பிறகும் அதன் கதை நம்மிடம் இருக்கிறது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் படிக்க நல்ல துணை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சாப்பாடு முடிந்து மத்தியானம் அவர்கள் சாய்ந்து உட்காரும் நேரம் பார்த்து, "நீங்க முதல் முதல்ல ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துது?" என்று கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் அவர்களுக்கு வருகிற எழுத்தில் எழுதட்டும். முதல் பக்கத்தில் தேதியும் ஊரும் மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.